ஈரத்தில் நின்ற துதி

அன்னையின் திருவிழாவுக்கான துதிநூல் அச்சேற வேண்டிய வாரம் அது. அசுன்சியோன் அச்சகத்தில், கணினி ஈன்ற முதல் தாளை, பாடல்களைத் தட்டச்சு செய்து தந்த எலாதியா கையில் ஏந்தினாள். குவரானி மொழித் துதி மூன்றாம் அடியிலேயே அறுந்து கிடந்தது. ‘காய்ந்த நிலத்துக்கு ஈரமாய் வந்தவளே’ என்று அன்னையை விளிக்கும் இடத்தில், ஈரம் என்ற சொல் முடியுமுன்பே தாள் வெறுமையாயிற்று. அதற்குப் பின்னிருந்த பாடல்களில் ஒன்றேனும் வரவில்லை.

“பாத்தீங்களா முதலாளி, நான் அப்பவே சொல்லல?” என்றான் பாடல்களை அச்சுக்கு அனுப்பும் நிரலை எழுதிய வில்ஃபிரிதோ. “ஸ்பானிஷ் பாட்டெல்லாம் அழகா வந்துச்சு. குவரானிதான் மெஷினுக்கே ஒத்துக்கல. மூக்கால சொல்ற அந்த ரெண்டு புள்ளி வச்ச எழுத்து இருக்குல்ல, அங்கதான் நிக்குது. அதத் தூக்கிட்டு சாதா எழுத்தப் போட்டா ஓடிரும். கும்பிட வர்ற கெழவிங்க எழுத்தையா பாக்கப் போறாங்க?”

அவன் கொம்புக் குவளையில் தெரெரே இலைமேல் குளிர்நீர் ஊற்றி முதலாளி கிரிஸ்புலோவிடம் நீட்டினான். அவர் உறிஞ்சிவிட்டு, “நன்றி” என்று திருப்பினார். அங்கே நன்றி என்றால் ‘எனக்குப் போதும்’ என்று பொருள்; சொன்னவருக்கு அந்தச் சுற்றில் மீண்டும் குவளை வராது.

“சாயங்காலம் அச்சுத் தட்டு எடுக்கணும்” என்றார் அவர். “சரியா வரலேன்னா குவரானிப் பகுதியையே எடுத்துடறேன். பங்குச் சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

எலாதியாவின் நெஞ்சில் சினம் உலைத்தீயென மூண்டது. காய்ச்சலில் அவள் கிடந்த நாளில் அவள் தாய் மன்றாடியது அந்த மொழியில். வில்ஃபிரிதோவும் அம்மொழியில்தான் வைவான், சிரிப்பான், பந்தாட்டத்தில் கூவுவான். வேலைக்கு வரும்போது மட்டும் அதைச் செருப்பெனக் கழற்றி வாசலில் விட்டுவிடுவான்.

“நிரலைக் காட்டு.”

“உனக்கெதுக்கும்மா அது? அடிச்சுத் தர்றதோட உன் வேலை முடிஞ்சுது. இது சி மொழி.”

“அந்த சி வகுப்புல உனக்குப் பின் பெஞ்சுல நானும்தான் உக்காந்திருந்தேன். திரும்பித் திரும்பி என் விடைத்தாளப் பாத்து எழுதுனது மறந்து போச்சா? நகருடா!”

முதலாளி இருமினார். வில்ஃபிரிதோ நகர்ந்தான்.

திரையில் அவள் விரல் ஒரு வரியில் நின்றது. உள்ளே வருவதை ஓரோர் எழுத்தாய் எடுத்து அதன் எண்ணைத் தருவது கெட்சார். எழுத்துகள் தீர்ந்தால், எந்த எழுத்துக்கும் உரியதல்லாத ஓர் எண்ணை, கழித்தல் ஒன்றை, தரும். ஆகவே அதை முழு எண் கொள்ளும் ‘இன்ட்’ என்ற கலத்தில் ஏற்றல் வேண்டும். வில்ஃபிரிதோவோ ஓரெழுத்து மட்டுமே கொள்ளும் ‘சார்’ என்ற சிறு கலத்தில் ஏற்றிருந்தான். இருபுள்ளி எழுத்தின் எண் இருநூற்று ஐம்பத்தைந்து. அச்சிறு கலத்தில் விழுந்ததும் அதுவும் கழித்தல் ஒன்றாகிவிடும். நூல் முடிந்ததென்று நிரல் கதவைச் சாத்திவிடும்.

“கெட்சார் தர்றத சார்லயா வாங்குவ? இன்ட்ல வாங்கணும்னு முத வாரத்துலயே தலையில குட்டிச் சொன்னாங்களேடா! உன் கலம் சின்னதுன்னு எங்க எழுத்த வெட்டச் சொல்றியா?”

ஒரு சொல்லை அழித்தாள். வேறொரு சொல்லை இட்டாள். அச்சுப்பொறி கரகரத்தது. ஈரம் முழுதாய் வந்தது. அதன்பின் அடுத்த அடி, அதற்கடுத்த அடி, பாடல்மேல் பாடல் என்று அடைத்த மடை திறந்தாற்போல் தாள் பெருகித் தரையில் மடிந்தது.

“அப்ப குவரானி இருக்கட்டும்” என்று முதலாளி தாளை அள்ளிக்கொண்டு தட்டு எடுக்கும் அறைக்குள் போனார்.

வில்ஃபிரிதோ சிரித்தான். “அட, ஒத்தச் சொல்லு! இதுக்கா இந்தக் கத்து கத்துன? இந்தா, குடி, சூடு தணியட்டும்.” புதிதாய் நீர் ஊற்றிக் குவளையை நீட்டினான்.

“ஒத்தச் சொல்லத் தேடிப் பாக்கச் சோம்பல்பட்டு மொத்தப் பாட்டையும் அறுக்கச் சொன்ன. உங்கம்மாவும் பாடுற பாட்டுடா அது.”

அவன் சிரிப்பு நின்றது. குவளை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

எலாதியா அதைத் தொடவில்லை. ஒரு வாய் கூடக் குடிக்காமலே, குவரானியில், ஒவ்வோர் எழுத்தும் கேட்க, நன்றி சொன்னாள்.