வேலைத் தேடாதே

அச்சகத்தில் அவளுக்குக் கண்கொத்தி என்று பெயர். வைத்தவர் முதலாளி. மெய்ப்பு பார்க்க வந்த முதல் வாரமே அவருடைய விசிட்டிங் கார்டில் ‘அச்சகம்’ என்பது ‘அச்சம்’ என்று இருந்ததை வட்டமிட்டு அவரிடமே நீட்டியிருந்தாள். நாலு வருஷமாக அவர் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவந்த கார்டு அது. அன்றிலிருந்து அவளோடு கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்.

ஆயிற்று, இருபத்தோரு வருஷம். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள், பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கை, லிஃப்டில் ஒட்டும் அறிவிப்பு என்று யாரும் ஒரு தடவைகூடப் படிக்காததை எல்லாம் அவள் இரண்டு தடவை படித்தாள். ‘உணவுக்குப் பின் மூன்று வேலை’ என்று வந்த இருமல் மருந்தை அவள் ‘வேளை’ ஆக்கியபோது, டைப் செய்யும் பெண், “இருமுறவங்கள வேற வேலை செய்யச் சொல்லுதே, பாவம்க்கா” என்றாள். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் அரை மில்லி என்பது புள்ளியைத் தொலைத்துவிட்டு 05 என்று நின்ற நாளில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அவள் புள்ளியை வைத்தாள். கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டாள். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை; அதனால் யாரும் நன்றி சொல்லவும் வரவில்லை.

அவளுடைய ஒரே தம்பி ஊக்கப் பேச்சாளன். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றான், காப்பீடு விற்றான், பிறகு வீட்டுமனை விற்றான். எதிலும் ஒன்றரை வருஷம் தாண்டியதில்லை. கடைசியில், ஒரு வேலையில் நிலைத்து நிற்பது எப்படி என்று ஊருக்குச் சொல்ல ஆரம்பித்து, அதில் நிலைத்துவிட்டான். கார்டில் ‘பணிநோக்கச் சிற்பி’ என்று போட்டுக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதானாலும் கண்ணை மூடி மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் கேட்பான்.

அக்காமேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம்தான் பிரச்சினையே. கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு அறையில் ‘நோக்க நிலையம்’ திறந்ததும், அவளை அங்கே மொழி இயக்குநராக உட்காரவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எதை இயக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, அதெல்லாம் போகப்போகத் தெரியும் என்றான். இருக்கிற வேலையே போதும் என்று அவள் மறுத்தபோது மேடைக்குரலுக்கு மாறினான்.

“இந்த வேலைய எதுக்காகச் செய்யறேன்னு ஒரே ஒரு வரில சொல்லு. சொல்லிட்டா நான் வாய மூடிக்கிறேன்.”

அவளுக்கு வரவில்லை. பழகிப்போச்சு என்றாள்.

“அது பதில் இல்லக்கா. அது வியாதி.”

அந்தச் சொல் ஒரு வாரமாக அவளை அரித்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த ஒரு வரியைத் தேடினாள். ‘சமுதாயத்துக்குச் சேவை’ என்று ஆரம்பித்தால் அவளுக்கே கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷமும் வெறும் பழக்கம்தானோ, பேசாமல் தம்பியோடு போய்விடலாமோ என்றுகூடத் தோன்றியது.

இப்படி இருக்கையில்தான் தம்பி ஒரு புத்தகம் எழுதி, அதை அவளுடைய அச்சகத்துக்கே கொடுத்தான். கடைசிப் பக்கத்தில் நிலையத்தின் நிர்வாகிகள் பட்டியல் இருந்தது. அதில் இரண்டாவதாக, மொழி இயக்குநர் என்று அவள். புதன்கிழமை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டால் திங்கள்கிழமை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

புதன் காலை மெய்ப்பைக் கையில் எடுத்தவள் அட்டையிலேயே நின்றுவிட்டாள். ‘வேலைத் தேடாதே, வேட்கையைத் தேடு’. தம்பிக்கு போன் போட்டாள்.

அந்த ‘த்’ தெரிந்தே வைத்ததுதான் என்றான் அவன். “அதுல ஒரு தள்ளு இருக்குக்கா. ‘வேலை தேடாதே’ சவசவன்னு இருக்கு. ‘வேலைத் தேடாதே’ன்னு சொல்லிப் பாரு, நெஞ்சுல வந்து குத்தும்.”

“குத்தும்டா. வேல்னா குத்தாம என்ன செய்யும்?”

அவனுக்குப் புரியவில்லை. நடுவில் ஒற்று வந்தால் அது உத்தியோகம் ஆகாது, கையில் பிடிக்கிற வேல் ஆகிவிடும் என்று விளக்கினாள். வாசகன் இலக்கணத்தைப் பார்ப்பதில்லை, ஆற்றலை உணர்கிறான் என்றான். அவள் விவாதிக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, டைப் செய்யும் பெண்ணிடம் அட்டையைக் காட்டி, இதைப் படித்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டாள்.

அந்தப் பெண் இரண்டு முறை படித்தது. “யாரோ வேலைத் தொலைச்சிட்டாங்க போலக்கா. தேட வேணாம்னு சமாதானம் சொல்றாங்க. பழைய வேலா இருக்கும்.”

போனில் தம்பி கண்ணை மூடியிருக்க வேண்டும். அநேகமாக மூன்று எண்ணியிருப்பான். “எடுத்துடு” என்றான்.

எடுத்தாள். அப்புறம் நாலாம் அத்தியாயம் வந்தது.

‘எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி இருக்கிறார். இருபத்தோரு வருடம் அடுத்தவர் எழுத்தில் புள்ளி தேடியே காலத்தைக் களித்தார். அவருக்கென்று ஒரு வரி இல்லை.’

முகம் சூடாகிவிட்டது. ஆனால் கை கண்ணோடு சேர்ந்து வேலை செய்கிற கை. தானாகவே ‘களித்தார்’ மேல் போய் நின்றது. கழித்தார் என்று இருக்க வேண்டும். ழகரம் போட வேண்டியதுதான், ஒரு விநாடி வேலை. பேனா இறங்கவில்லை.

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். களிப்பு. புள்ளியைக் கண்டுபிடிக்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று துள்ளுமே, அது. மாலை வீட்டுக்குப் போகும் வழியில் அன்றைக்குப் பிடித்த பிழைகளை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு போவாளே, அது. வரி வரியாகத் தப்பு பண்ணியிருந்த தம்பி இந்த ஓர் இடத்தில் தெரியாத்தனமாக உண்மையை எழுதியிருந்தான். இப்போது சரியாக இருப்பது இந்தச் சொல் ஒன்றுதான், மிச்சம்தான் பிழை.

எழுத்தைத் தொடலாம், கருத்தைத் தொடக்கூடாது என்பது அவளுடைய சட்டம். இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அதை மீறினாள். ‘யே காலத்தை’ என்பதை மட்டும் அடித்தாள். மிச்சம் ஒட்டிக்கொண்டது: ‘அடுத்தவர் எழுத்தில் புள்ளி தேடிக் களித்தார்.’

பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், இரண்டாவது நிர்வாகியையும் ஒரே கோடாக அடித்தாள்.

நாலு மணிக்குத் தம்பி, அச்சுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வந்தான். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் நாலாம் அத்தியாயத்தில் நின்றான்.

“இது நான் எழுதினதா?”

“எல்லா எழுத்தும் உன்னோடதுதான். நான் ஒண்ணுகூடச் சேர்க்கல.”

“நான் நேரத்தை வீணாக்கினார்னு சொல்ல வந்தேன்.”

“சொல்ல வந்தே. ஆனா களித்தார்னு எழுதிட்டே. எது பொய்யோ அத எடுத்தேன்.”

அவன் கண்ணை மூடவில்லை, எண்ணவும் இல்லை. மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, ‘அவருக்கென்று ஒரு வரி இல்லை’ என்ற அடுத்த வாக்கியத்தைக் கன்னாபின்னாவென்று கிறுக்கி அடித்தான்.

“இப்படி அடிச்சா டைப் பண்ற பொண்ணு எதை எடுக்கும், எதை விடும்?” என்று அவள் பேனாவைப் பிடுங்கி, ஓரத்தில் நீக்கல் குறியைச் சுழித்துவைத்தாள்.

கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் சிரிக்கிற சிரிப்பு இல்லை, சின்ன வயசுச் சிரிப்பு. “என்னைக் கேக்காமலே ராஜினாமாவா?”

“கேட்டா பேசுவியே.”

கையெழுத்துப் போட்டான். இது முதல் பாகம்தான், இன்னும் மூன்று பாகம் வரும் என்று எச்சரித்தான். எல்லாவற்றையும் இங்கேயே கொண்டு வா, வரிசையில் வைத்துப் பார்க்கிறேன் என்றாள் அவள். இப்போது குக்கர் கம்பெனியின் உத்தரவாத அட்டை காத்திருந்தது.

அவன் கதவு வரைக்கும் போய்த் திரும்பினான். “ஏன்க்கா, அந்தக் குக்கர் அட்டைய உலகத்துல யாராவது படிப்பாங்களா?”

அவள் மூன்றாவது வரியில் இருந்தாள். ஏதோ அகப்பட்டிருக்க வேண்டும், உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. பேனா மூடியைத் திறந்தாள்.