வேம்பூர் ஆடு கறுத்த மத்தியானம்

வெயிலுமுத்து பதிலைச் சொல்லி வாய் மூடியதும் ஆடு கறுக்க ஆரம்பித்தது. முதலில் காது, பிறகு கழுத்து, அப்புறம் முதுகு. வால் நுனி மட்டும் கொஞ்சம் தாமதித்தது. அதுவும் கறுத்து முடிந்ததும் ஆடு பழையபடி அசைபோட்டது.

"போச்சு," என்றான் ராயப்பன். "திருச்சி கறுப்பாவே ஆயிட்டு."

செம்போடைப்பட்டி ஆடுகள் அப்படித்தான். இது என்ன இனம் என்று கேட்டதற்கு ஒருவன் மனசாரப் பதில் சொல்லிவிட்டால் அவை மறுப்பதில்லை. பதில் சரியென்றால் ஆடு இருந்தபடி இருக்கும். தப்பென்றால் ஆடு தன்னைத் திருத்திக்கொள்ளும். வேடிக்கைக்குச் சொல்வதை மட்டும் காதில் வாங்காது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், கிடை ஆடுகள் ஒடைமர நிழலில் படுத்திருக்கும்போது, பயல்கள் பயமில்லாமல் இனம் சொல்லி விளையாட முடிந்தது.

விளையாட்டு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிழலில் ஒரு கல் கிடக்கிறது. பதில் சொல்கிறவன் ஆடுகளுக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார வேண்டும். கேட்கிறவன் ஓர் ஆட்டைத் தொட்டு "இது என்ன?" என்பான். கல்லில் இருப்பவன் திரும்பிப் பார்த்து, ஆடு வாயில் இருக்கும் இரையை விழுங்குவதற்குள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கு முதலில் காசிம் உட்கார்ந்தான். டெய்லர் கடைக்காரர் மகன், ஆட்டைப் பற்றி பிரியாணி அளவுக்குத்தான் தெரியும். ராயப்பன் ஒரு மேச்சேரி ஆட்டைத் தொட்டதும், "எனக்கு வரப்போற மாமனாரு," என்றான் காசிம். ஆடு அசைபோட்டது. அடுத்து ராயப்பன் உட்கார்ந்தான். காசிம் கீழக்கரிசல் கிடாயைத் தொட்டான். "நம்ம கணக்கு வாத்தியாரு. அதே முழி," என்றான் ராயப்பன். கிடாய் அதையும் பொருட்படுத்தவில்லை. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்றாவது வெயிலுமுத்து. அவனுக்கு வேடிக்கை வராது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பிடிக்கலை" என்று ஒரே பதில் சொன்னான். வேறு காரணம் இருக்கும் என்று கேட்டவர்கள் காத்திருந்தார்கள். வேறு காரணம் இல்லை. சாப்பாடு நன்றாக இல்லையென்றால் சமைத்தவரிடமே சொல்வான். பொறுமை என்கிற சாமான் அவன் வீட்டுப் பக்கமே போனதில்லை.

"இது என்ன?" என்றான் ராயப்பன்.

வெயிலுமுத்து முழுசாகத் திரும்பவில்லை. கால்வாசி திரும்பினான். கறுப்பாக ஒரு விலா தெரிந்தது. "திருச்சி கறுப்பு," என்றான். மனசாரச் சொன்னான்.

அந்த ஆடு காலையில்தான் கண்மாய் ஓரத்து ஈரத்தில் படுத்துக் குட்டி போட்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கரிசல் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. மறுபக்கம் வெள்ளையில் செம்பொட்டு வைத்த சுத்தமான வேம்பூர். பொட்டாடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இப்போது சேறு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளேயும் கறுப்பு.

"யாரு ஆடுலே இது?" என்றான் காசிம்.

"எங்க மதினி ஆடு," என்றான் வெயிலுமுத்து.

காலையிலிருந்து எழ மாட்டாமல் கிடந்த குட்டி அப்போதுதான் எழுந்தது. வெள்ளையில் செம்பொட்டு வைத்த குட்டி, கால் நான்கும் நான்கு பக்கம் போனது. பால் குடிக்க வந்தது. தாயை முகர்ந்து பார்த்தது. இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டது. தாய் கூப்பிட்டது. குட்டி வேறு பக்கம் திரும்பிக் கத்தியது.

செய்தி சொல்ல யாரும் போக வேண்டியிருக்கவில்லை. மதினி சீனியம்மாள் தூக்குவாளியோடு கரையேறி வந்துகொண்டிருந்தாள். வந்தவள் ஆட்டைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். கல்லில் வெயிலுமுத்து இன்னும் உட்கார்ந்திருந்தான்.

"யாரு சொன்னது?"

"நான்தான் மதினி."

"வெளையாட்டுக்கா?"

"இல்ல. நெசமாத்தான்."

"ஏ கொழுந்தப்புள்ள, ஒன்னய எவன்யா நெசம் பேசச் சொன்னான்? இந்தா நிக்கானுவளே ரெண்டு பேரு, வாயத் தொறந்தா பொய்யி. இவனுவளால ஒரு ஆட்டுக்கு ஒரு கேடு உண்டா?"

ராயப்பனும் காசிமும் பாராட்டை அடக்கமாக ஏற்றுக்கொண்டார்கள்.

சீனியம்மாள் தூக்குவாளியை இறக்கிவைத்துவிட்டுக் குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். ஒட்டிக் கிடந்தது. சீம்பால் ஒரு மடக்கு உள்ளே போகவில்லை. பிறந்த அன்றைக்குச் சீம்பால் குடிக்காத குட்டி பொழுதடையத் தாங்காது என்று வெயிலுமுத்துக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

தாயைக் கறந்து பாட்டிலில் கொடுத்துப் பார்த்தார்கள். பால் மஞ்சளாக, கெட்டியாகத்தான் இருந்தது. குட்டி மோந்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அந்த வாசனை அதற்குத் தெரிந்த யாருடையதும் இல்லை. கிடையில் அன்றைக்கு ஈன்ற ஆடு வேறு எதுவும் இல்லை.

"சரி, திரும்பச் சொல்லு," என்றாள் சீனியம்மாள். "வேம்பூர்னு சொல்லு."

கறுக்க வைத்த வாய்தான் வெளுக்க வைக்க வேண்டும், அது முறை. மற்றவர்கள் சொன்னால் ஆடு கேட்காது. ராயப்பன் ஆட்டைத் தொட்டான். "இது என்ன?"

"வேம்பூர்," என்றான் வெயிலுமுத்து.

ஆடு அசைபோட்டது.

"மனசுல இருந்து சொல்லுலே."

"மனசுல திருச்சி கறுப்புன்னுல்லா இருக்கு. கண்ணு முன்னால கன்னங்கரேல்னு நிக்கி. நான் என்ன செய்ய?"

இதற்கு முன் நடந்த ஒன்றைக் காசிம் ஞாபகப்படுத்தினான். போன வருசம் டவுனிலிருந்து வந்த ஓர் அதிகாரி இந்தச் செம்மறிக் கிடையைப் பார்த்து, "வெள்ளாடெல்லாம் நல்லா வளர்ந்திருக்கே," என்றார். அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவர் பஸ் ஏறுவதற்குள் கிடை முழுவதும் ஒடைமரத்தில் ஏறிவிட்டது. அவரையே மறுபடி அழைத்துவந்து காட்டினார்கள். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெள்ளாடுதான், சந்தேகமே இல்லை," என்று முன்னைவிட உறுதியாகச் சொன்னார். பிறகு ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, எல்லாவற்றையும் மரத்திலிருந்து இறக்கி, தலையைக் குனிய வைத்து, ஒன்றின் வாலில் இன்னொன்றின் மூக்கு இடிக்கிற மாதிரி வரிசையாக நிறுத்தினார்கள். மூன்றாம் தடவை பார்த்தவர், "அட, செம்மறியா?" என்றார். தாடி இருந்ததை அவர் கவனிக்கவில்லை. காரியம் முடிந்தது.

"அப்போ கண்ணத்தான் ஏமாத்தணும்," என்றான் ராயப்பன்.

கோயில் சுவருக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பும் காவியும் காசிம் கொண்டுவந்தான். ஆட்டுக்குத் தலையிலிருந்து வால் வரை வெள்ளையடித்தார்கள். காய்ந்ததும் காவியில் பொட்டு வைத்தார்கள். ராயப்பன் தாராளமாக வைத்தான். காசிம் தள்ளி நின்று, இடது தொடையில் ஒன்று குறைகிறது என்றான். அதையும் வைத்தார்கள். வெயிலுமுத்துவைக் கல்லில் முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அவன் திரும்பினான். "சுண்ணாம்படிச்ச திருச்சி கறுப்பு," என்றான்.

"ஒன்னால ஒரு பொய்யக்கூட ஒழுங்கா நம்ப முடியாதாலே!" என்று ராயப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீங்க அடிக்கும்போது நான் பக்கத்துலதானே நின்னேன்."

அது நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. அடுத்து சீனியம்மாளின் துண்டால் அவன் கண்ணைக் கட்டினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அவன் ஆட்டைத் தடவினான். வேம்பூர் ஆட்டுக்குக் காது தொங்கும், மயிர் குட்டையாக உடம்போடு படிந்திருக்கும். இதற்குக் காது சின்னது, மயிர் சாக்குப் போலச் சொரசொரத்தது. கை சும்மா இருக்கவில்லை, தெரிந்ததைத் தெரிந்துகொண்டுவிட்டது. துண்டை அவனே அவிழ்த்துக் கொடுத்தான்.

வெயில் சாய்ந்தது. குட்டி கத்துவதை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. கத்தும்போதுகூட வெயிலுமுத்துக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை.

ராயப்பன் அவன் காதோரம் வந்து மெதுவாகச் சொன்னான். "மக்கா, நான் பரீட்சையில என்ன செய்வேன் தெரியுமா? பதில எழுதிட்டு, இதுதான் சரி, இதுதான் சரின்னு மனசுக்குள்ளயே சொல்லுவேன். கொஞ்ச நேரத்துல நானே நம்பிருவேன்."

"அப்படியும் நீ பெயிலு."

"ஆனா நிம்மதியா பெயிலானேன்லா."

வெயிலுமுத்து கல்லில் உட்கார்ந்து அதையும் செய்து பார்த்தான். வேம்பூர், வேம்பூர், வேம்பூர். கொஞ்ச நேரத்தில் வேம்பூர் என்பது வெறும் சத்தமாகிவிட்டது. அது ஊர்ப் பெயரா, ஆட்டுப் பெயரா, கதவு திறக்கிற சத்தமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"கடைசியாக் கேளு," என்றாள் சீனியம்மாள். குட்டியைத் தூக்கிவந்து தாயின் காலடியில் கிடத்தினாள். அவள் குரலில் திட்டு இல்லை. "அய்யா, வேம்பூர்னு சொல்லிரு. ஒன்னய வேற ஒண்ணும் கேக்கல."

ராயப்பன் ஆட்டைத் தொட்டான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இது என்ன?"

வெயிலுமுத்து திரும்பினான். முழுசாகத் திரும்பினான். அன்றைக்கு முதல் தடவையாக அவசரப்படாமல் பார்த்தான். சுண்ணாம்பு வெடித்து இடையிடையே கறுப்புத் தெரிந்தது. காவிப் பொட்டு ஒன்று வழிந்து முட்டிவரை வந்திருந்தது. திருச்சி கறுப்பின் சின்னக் காதை வைத்துக்கொண்டு ஆடு, காலையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் குட்டியைக் கூப்பிட்டது. பிறகு குனிந்து நக்கியது. குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது மறுபடி நக்கியது. திருச்சி கறுப்புக்கு இந்தக் குட்டி எப்படிச் சொந்தம்? வேம்பூராக இருந்தால் ஏன் கறுத்து நிற்கிறது? அவன் தோலைப் பார்த்தான், நாக்கைப் பார்த்தான், இரண்டும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

ஆட்டின் தொண்டை அசைந்தது. விழுங்கப் போகிறது.

"தெரியலை," என்றான் வெயிலுமுத்து.

மனசாரச் சொன்னான்.

அந்தக் கல்லில் உட்கார்ந்து இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆடு அதையும் மறுக்கவில்லை. முதலில் கறுப்புப் போனது. கறுப்புப் போன இடத்துக்கு வேறு நிறம் வரவில்லை. காது போனது, கழுத்துப் போனது, முதுகு போனது. பிடிக்க எதுவும் இல்லாததால் சுண்ணாம்பும் காவியும் பொலபொலவென்று தரையில் கொட்டின. நான்கு குளம்பு அழுத்தத்தில் புல் மட்டும் படிந்து கிடந்தது.

ராயப்பன் கையை நீட்டிப் பார்த்தான். "இருக்கு," என்றான். "சூடா இருக்கு."

குட்டி தலையைத் தூக்கியது. எதிரில் பயப்பட ஒரு நிறம் இல்லை, ஒதுங்க ஒரு வாசனையும் இல்லை. தட்டுத்தடுமாறி எழுந்து நடந்தது. முன்னங்கால் இரண்டையும் மடித்து மண்டியிட்டது. தலையை மேலே தூக்கிக் காற்றை ஒரு முட்டு முட்டியது. பிறகு கடவாயில் மஞ்சளாக நுரை வழிய, வால் படபடவென்று ஆடியது.

குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சீனியம்மாள்தான் முதலில் மூச்சு விட்டாள். மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டு, "சரி, வயிறு நெறையட்டும். குடிச்சதும் வேம்பூர்னு சொல்லிரு. இப்பதான் கண்ணுக்குக் கறுப்புத் தெரியலல்லா," என்றாள்.

"வெள்ளையும் தெரியலையே மதினி."

"இல்லாத ஆட்ட நான் எப்படிய்யா மேய்க்க?"

"அது பாட்டுக்கு மேயும். குட்டிக்குப் பின்னால போனா ஆடு கெடைக்கும்."

அவள் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது காசிம் அவள் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினான். ஒடைமர நிழலில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டிருந்தன. கீழக்கரிசல் கிடாய் முன்னால் வந்தது. அதன் பின்னால் மேச்சேரி, அதன் பின்னால் இரண்டு பொட்டாடுகள், பிறகு மற்றவை. தள்ளாமல் முட்டாமல், ஒன்றன் பின் ஒன்றாகக் கல்லுக்கு எதிரில் வந்து நின்றன. வரிசை கண்மாய்க் கரை வரை போயிற்று. இடமில்லாமல் கடைசி ஆடுகள் கரைமேல் நின்றன.

கிடாய் அசைபோட்டபடி வெயிலுமுத்துவைப் பார்த்தது. ராயப்பனின் கை பழக்கதோஷத்தில் அதன் நெற்றிக்குப் போனது.

"இது என்ன?" என்றான் ராயப்பன்.

"ஏ கொழுந்தப்புள்ள," என்றாள் சீனியம்மாள், "எந்திரி. மொதல்ல கல்ல விட்டு எந்திரி."

கிடாய் இன்னும் விழுங்கவில்லை. வெயிலுமுத்து முழுசாகத் திரும்பி அதைப் பார்த்தான். அவன் எழுந்திருக்கவில்லை.