ஈரத் தலை

டிரைவர் பலவேசத்தின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேசைக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

“சாவியைத் தா மாஜிதா. புனலூர் லோடு ஏத்தியாச்சு.”

பாவூர்சத்திரத்தின் அந்தக் காய்கறிக் கமிஷன் கடையில் மாஜிதாவுக்கு வண்டிப் பொறுப்பு. லாரிச் சாவிகள் முன்பு சுவரில் ஓர் ஆணியில் தொங்கின. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். போன சாரல் பருவத்தில் டிரைவர் சுடலைமுத்து புளியரை வளைவில் கண்ணயர்ந்து லாரியை ஓடைக்குள் விட்டார். அதன் பிறகு அவள் ஆணியைப் பிடுங்கிவிட்டுச் சாவிகளை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

“எப்பண்ணே தூங்கினீங்க?”

“ஓணம் வாரத்துல எவன் தூங்குதான்? காலையில கொல்லத்துலேர்ந்து வந்தேன். லோடு ஏத்துத நேரத்துல குற்றாலம் ஐந்தருவியில ஒரு குளி. தூக்கமெல்லாம் தண்ணியோட போயிட்டுலா.”

எல்லா டிரைவர்களும் இதைத்தான் நம்பினார்கள். சுடலைமுத்துவும் அன்று ஈரத் தலையோடுதான் வண்டி ஏறினார். அருவியில் குளிக்க வரும் குடும்பங்கள் வேனில் ஏறியதுமே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவதைத் தென்காசிக்காரியான மாஜிதா சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

“உட்காருங்க. டீ குடிச்சிட்டுப் பேசலாம்.”

அவர் முறைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே ஏலக்குரல் கேட்டுக்கொண்டிருந்தது. டீ வந்தது. இரண்டு வாய் குடித்திருப்பார். கையில் இருந்த கிளாஸ் மெல்லச் சாய்ந்தது. அவள் எழுந்துபோய் அதை வாங்கி வைத்தாள். அது அவருக்குத் தெரியவில்லை.

முதலாளி முத்துக்குமாரசாமி உள்ளே வந்தார். “லாரி ஏன் இன்னும் நிக்குது?” பெஞ்சைப் பார்த்தார். “எழுப்பு அவனை.”

“எழுப்புனா எந்திரிச்சிருவாரு அண்ணாச்சி. ஆரியங்காவு வளைவுல யாரு எழுப்புவா?”

“வெண்டைக்கா வாடிப்போவும். ஓணம் முடிஞ்சு யாருக்கு விக்க, ஒம் மாமியாருக்கா?”

“விடியக்காலம் போகட்டும்.”

“சாவியைத் தா. நானே குடுத்துக்கிடுதேன்.”

அவள் இழுப்பறைமேல் கையை வைத்தாள்.

“நாளையிலேர்ந்து வேலைக்கு வராண்டாம்னு சொன்னா?”

“வரல அண்ணாச்சி. இன்னைக்குச் சாவி எங்கிட்ட இருக்கு.”

பலவேசம் வாயைத் திறந்து குறட்டை விட்டார். வாசலில் சுடலைமுத்து ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து லோடுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். முதலாளி வெகுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புனலூர் வியாபாரிக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே போனார். “சாரே, லோடு நாளைக்குக் காலையிலதான் கேட்டோ...”

விடியற்காலையில் மாஜிதா வந்தாள். முதலாளி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பலவேசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையை நீட்டினார். தலை காய்ந்திருந்தது.

“எப்பண்ணே தூங்கினீங்க?”

“நீதான் பாத்தியே.”

அவள் இழுப்பறையைத் திறந்தாள்.