மறுபடி கேட்ட கேள்வி

குழந்தையின் அறிவை அளக்க எழுந்து நிற்கும் எவரும் முதலில் தம் கையிலுள்ள அளவுகோலை அளந்து பார்க்க வேண்டும். அந்தத் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, நிரஞ்சனிக்கு வாய்த்தது.

ஆசிரியர் கலாசாலையிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்காக ஹந்தானை மலையடிவாரப் பாடசாலை ஒன்றுக்கு வந்திருந்தாள் அவள். இரண்டாம் தரத்தில் படிக்கும் ஏழு வயதுச் சுபாஜினியை முதலாம் தரத்துக்கு இறக்கிவிட அதிபர் கஜேந்திரன் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்.

"வாயே திறக்க மாட்டேங்குது அந்தப் புள்ள. நீங்க படிச்ச உளவியல வச்சு ஒருதரம் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கே மாத்திருவோம்."

நிரஞ்சனி கற்ற கோட்பாடு தெளிவானது. பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பதை ஏழு வயதளவில் குழந்தை உணரத் தொடங்கும். சுபாஜினியை எதிரே இருத்தி, இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் சமமாகப் பால் கலக்காத பிளேன்டீ ஊற்றினாள்.

"எதுல கூட இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்."

ஒரு கோப்பையில் இருந்ததை ஒடுங்கி உயர்ந்த போத்தலுக்கு மாற்றினாள். "எதுல கூட இருக்கு?"

சுபாஜினி தேநீரைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "போத்தல்ல."

குழந்தை அந்தப் படியை எட்டவில்லை என்று அதிபரிடம் சொல்லிவிட்டு வந்தாள் நிரஞ்சனி.

இடைவேளையில் குழாயடியில் ஒரே ஆரவாரம். வாய் திறவாதவள் என்று பெயர் வாங்கிய சுபாஜினி, இடுப்பில் கைவைத்து நின்று, தோழி பிரேமிளாவுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள்.

"மூணும் ரெண்டும் எத்தன?"

"அஞ்சு!"

"எத்தனன்னு கேட்டேன்?"

"அஞ்சுதான்டி."

"அடி மக்கு! டீச்சர் திரும்பக் கேட்டா முதல்ல சொன்னது பிழைடி. வேற சொல்லணும்!"

"அப்ப ஆறு."

"ம்… கெட்டிக்காரி. உக்காரு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிரஞ்சனிக்குச் சுருக்கென்று தைத்தது. சரியான விடை சொன்ன பிள்ளையிடம் நம்மில் யார் இரண்டாம் முறை கேட்டிருக்கிறோம்? பிழை என்று சொல்லாமல் சொல்வதற்கல்லவா மறுகேள்வியை வைத்திருக்கிறோம்! காலையில் அந்தச் சிறுமி தேநீரை அளக்கவில்லை. ஆசிரியையை அளந்து, மிகச் சரியாகவே அளந்து, விடை சொல்லியிருக்கிறாள். அந்தக் கூர்மைக்கா ஒரு வகுப்பு இறக்கும் தண்டனை?

பிற்பகலில், பயிற்சிக்குப் புள்ளியிட வந்திருந்த விரிவுரையாளர் மக்கீன் முன்னிலையிலேயே நிரஞ்சனி எழுந்தாள்.

"சேர், காலையில நான் சொன்னது பிழை. புள்ளைய இறக்காதீங்க."

"இவருக்கு முன்னால இப்பிடிச் சொன்னா உங்க புள்ளிதான் போகும் தங்கச்சி," என்றார் அதிபர்.

"போகட்டும் சேர்."

மக்கீன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். "அப்ப செஞ்சி காட்டுங்க மகள், பாப்பம்."

நிரஞ்சனி சுபாஜினியின் அருகே குனிந்தாள். "இன்னிக்கு யாரு எத்தன தடவ கேட்டாலும் பிழைன்னு அர்த்தமில்ல. கண்ணு பாத்தத சொல்லு, போதும்." பிறகு ஊற்றும் வேலையையே அவளிடம் கொடுத்தாள்: இரண்டு கோப்பைகளில் சமமாக ஊற்றி, ஒன்றைப் போத்தலுக்கு மாற்ற வேண்டும்; டீச்சருக்குக் கோப்பை, அவளுக்குப் போத்தல். ஊற்றி முடிந்ததும் நிரஞ்சனி முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"எனக்குக் கொறச்சுட்டியே!"

பங்கில் வஞ்சம் செய்தாள் என்ற பழியை எந்தக் குழந்தை பொறுக்கும்? "கொறைக்கல டீச்சர்! போத்தல் ஒல்லி, அதான் ஏறி நிக்குது. திருப்பி ஊத்திக் காட்டவா?"

அதிபர் விடவில்லை. "எதுல கூட இருக்கு?"

"ஒண்ணுதான் சேர்."

"எதுல கூட இருக்குன்னு கேட்டேன்?"

சுபாஜினி அவருடைய முகத்தைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள்.

"நீங்க நாளைக்கு வந்து கேட்டாலும் ஒண்ணுதான் சேர்."

மக்கீன் வாய்விட்டுச் சிரித்தார். அதிபருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி சரி, ரெண்டாம் தரத்துலயே இருக்கட்டும்."

சுபாஜினி போத்தலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"டீச்சர், இனிக் குடிக்கலாமா?"