தொப்பூர் ஏறிய லேப்டாப்

நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் அன்புச்செல்விக்கு அந்தக் கோடை சரியில்லை. ஆபீஸ் லேப்டாப்புகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. கடைசி ஒன்றும், லோடு ஏற்றிய வண்டிக்கு ஈ-வே பில் போடும்போது அணைந்து, அப்புறம் கண்ணே திறக்கவில்லை. பட்டனை அமுக்கினால் பாதியில் படுத்துக்கொள்ளாத மெஷினாக வேண்டும் என்று கம்ப்யூட்டர் கடைக்குச் சொன்னாள். சேல்ஸ்மேன் பிரபா மூன்று மாடல்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

தொழிலில் அவளுக்குப் பங்குதாரர் சித்தப்பா பொன்னன். ஆயுசெல்லாம் பழைய லாரி வாங்கி விற்றவர். பிரபா ரேம், ப்ராசஸர் என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் குனிந்து ஃபேன் சத்தத்தைக் காதால் கேட்டார்.

"ஓட்டிப் பாக்கோணும்" என்றார்.

"இதுல ஓட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"நல்லா ரன் ஆகும்னு நீதான சாமி சொன்னே?"



மூன்றையும் ஆன் செய்து, வாசலில் நின்ற லாரியின் கேபினில் கயிறு போட்டுக் கட்டினார்கள். டிரைவர் காளிதாஸ் பக்கத்துப் பரமத்தி வேலூர் வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். கடைச் சரக்காயிற்றே என்று பிரபாவும் ஏறிக்கொண்டான்.

பரமத்தி வேலூரில் பெங்களூருக்கு வாழைத்தார் காத்திருந்தது. காலி வண்டியைத் திருப்புவது காளிதாசுக்குப் பிடிக்காது. ஏற்றிக்கொண்டான். பிரபா பதறிப்போய் ஆபீசுக்குப் போன் போட்டான்.

"மெஷின் ஓடுதா?" என்று கேட்டார் பொன்னன்.

"ஓடுதுங்க."

"அப்பப் போகட்டும்."

தொப்பூர்க் கணவாயில் ஒரு லேப்டாப் உயிரை விட்டது. கிருஷ்ணகிரி தாண்டி இன்னொன்றின் மேல் காளிதாசின் டீ கொட்டியது. மூன்றாவது மட்டும் எதற்கும் அசையவில்லை. பெங்களூரில் நாக்பூருக்கு லோடு கிடைத்தது. பிரபா அங்கேயே ஒரு லுங்கி வாங்கிக்கொண்டான்.

இங்கே ஆபீசில் பில் போட மெஷின் இல்லை. இருந்த ஒரே மெஷின் லாரியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி பிரபாவுக்குப் போன் போட்டு, கூச்சத்தோடுதான் கேட்டாள்.

"தம்பி, ஒரு பில்லு மட்டும் போட்டுத் தாரியா?"

"வண்டி நம்பர் சொல்லுங்கக்கா."

ஒன்று பத்தாயிற்று. வண்டி எங்கே நிற்கிறது, எந்த ஊரில் லோடு இருக்கிறது என்பதெல்லாம் பிரபாவுக்குத்தான் தெரிந்தது. சரக்கு அனுப்பும் பார்ட்டிகள் நேராக அவனையே கூப்பிட்டார்கள். அன்புச்செல்விக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு சூடாகக் கிடைத்தது.

தாடியும் கொஞ்சம் இந்தியுமாக பிரபா திரும்பி வந்தபோது, அவள் அதே மாடலில் நாலு கேட்டாள். பொன்னன் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது ஓடுன மெஷினு அம்முணி. மத்த நாலும் எப்படின்னு யாரு கண்டா?"

கடைக்காரருக்கு வியாபாரத்தைக் கைவிட மனசில்லை. மறுநாள் காலையில் நாலு லேப்டாப்போடு நாலு பேரை அனுப்பிவைத்தார். வந்தவர்கள் கையில் மாற்றுத் துணி வைத்த பை இருந்தது. ஆளுக்கொரு லாரியில் ஏறிப் போனார்கள்.

பிரபா கடை வேலையை விட்டுவிட்டு அன்புச்செல்வியின் ஆபீசில் சேர்ந்தான். முதல் நாளே பில்லில் எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக விழுந்தது.

"என்ன தம்பி, மெஷின்ல கோளாறா?"

"மெஷின் நல்லாத்தானுங்கக்கா இருக்குது. நாற்காலி ஆடவே மாட்டேங்குது."

பொன்னன் தன் பழைய வண்டி ஒன்றிலிருந்து ஸ்பிரிங் போன டிரைவர் சீட்டைக் கழற்றிவந்து ஆபீசில் மாட்டினார். அன்றிலிருந்து பில் சுத்தமாக வருகிறது. பெரிய பார்ட்டி யாராவது போன் லைனில் இருக்கும்போது மட்டும், ஓர் எழுத்தும் தப்பக் கூடாதே என்று அன்புச்செல்வி எழுந்து வந்து சீட்டின் முதுகைப் பிடித்து லேசாக ஆட்டிவிடுகிறாள்.