நாலாம் நம்பர் நாற்காலி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தண்ணீர்மலை வேலின் மேல் ஆணை, மாதா கோயில் மணியின் மேல் ஆணை. ஆணையை நம்பாதவர்களுக்காகக் கொடிமலை அடிவாரத்து நாற்காலிக் கொட்டகையின் பதிவேடு இருக்கிறது. நீலத்துணி அட்டை, கரையான் தின்றது போக மிச்சம் நன்றாகவே இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

1923ஆம் வருஷம், செப்டம்பர் மாதம், மலாய்க் கரையோரத் தீவு ஒன்று. மலை நாற்காலி தூக்குகிறவர்கள் கொட்டகையில் குந்தியபடி மூங்கில் தண்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். துரைமாரையும் மெம்மாரையும் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு தண்டுகளில் கட்டி, மூன்று மணி நேரம் தோளில் சுமந்து மலையுச்சி பங்களாக்களில் இறக்கிவிடுவது அவர்கள் வேலை. காலையிலிருந்து ஒரு சவாரியும் வரவில்லை. தண்டுக்குப் பூசியது போக மீந்த எண்ணெயை வேதநாயகம் தன் வலது தோளில் தடவிக்கொண்டார். அங்கே கோழிமுட்டை பருமனுக்கு ஒரு காய்ப்பு இருந்தது.

அந்தத் தோள் பாசார்க் கடைத் தராசைவிடக் கறாரானது. ஒரு மெம் ஒரே மாதத்தில் இரண்டாம் முறை நாற்காலி ஏறினபோது, பாதி மலையிலேயே, "மெம் முழுகாம இருக்கு" என்று வேதநாயகம் பக்கத்துத் தண்டுக்காரனிடம் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது பத்து நாள் கழித்து. இன்னொரு முறை, சுமத்ராவிலிருந்து வந்த டச்சுக்காரத் தோட்டத்துரை ஒருவர் உட்கார்ந்ததும் தண்டு வளைந்து அவர் பாதம் தரையைத் தொட்டுவிட்டது. உச்சிவரைக்கும் துரை நடந்துதான் போனார். நாற்காலியும் கூடவே போனது. இறங்கினதும் சவாரி ரொம்ப சௌகரியம் என்று ஒரு வெள்ளி இனாம் கொடுத்தார்.

அந்தத் துரை கீழே இறங்கும்போது தண்டு ஒடிந்தது. மறுநாள் வரை காத்திராமல் அன்றைக்கே புதுத் தண்டு பூட்டி, சூட்டுக்கோலால் அதில் தேதி போட்டார்கள்: 19-9-1912. வேதநாயகம் வீட்டுக்குப் போனால் அமலம்மாள் பெண் குழந்தை பெற்றுப் படுத்திருந்தாள். மதலேனம்மாள் என்று ஞானஸ்நானம் ஆயிற்று, வீட்டில் லீனா. அவர்கள் வழக்கத்தில் பிள்ளைக்குப் பேர்கொண்ட அர்ச்சிஷ்டப் புனிதரின் திருநாள்தான் கொண்டாட்டம். பிறந்த தேதியை யாரும் நினைவில் வைப்பதில்லை. லீனாவின் தேதி மூங்கிலில் இருந்ததால் தப்பித்தது.

"அண்ணே, மலையேர்ற ரயிலு அடுத்த மாசமாம்" என்றான் அய்யாக்கண்ணு. அவன்தான் முன்தண்டில் வேதநாயகத்துக்கு ஜோடி; பின்தண்டுக்கு இன்னும் இரண்டு பேர். "மலைக்கு அந்தாண்ட ஆயர் ஈத்தாம்ல போயிப் பாத்தேன். தண்டவாளம் பளபளன்னு கெடக்கு. நம்ம நாக்காலியெல்லாம் வெறகுக்குத்தான்லா."

"ரயிலு கெடக்கட்டும். பத்தொம்பதாந்தேதி எம்மவளுக்குப் பொறந்தநாளு."

"நமக்கு எதுக்குண்ணே பொறந்தநாளு? பொறந்ததே போதாதா?"

"பதினாறு வருசமா தொரைப் புள்ளைங்க பொறந்தநாளுக்கு மேல கேக்கு சொமந்திருக்கேன். மரத்தூள்ல பொதிஞ்ச ஐசு சொமந்திருக்கேன். ஒரு தடவ குதிரக்குட்டி ஒண்ணச் சொமந்திருக்கேன், நாக்காலியில ஒக்கார வெச்சு. அந்தப் புள்ளைங்களுக்கு வருசா வருசம் பொறந்தநாளு வருது. எம்புள்ளைக்கு ஒரே ஒரு தடவதான் வந்திருக்கு. இந்த நாக்காலியில அது ஒரு தடவ ஒக்காரணும்லா."

நாற்காலி போனால் வேலை போகும் என்பது அய்யாக்கண்ணுவுக்கும் தெரியும். அதனாலேயே லீனாவை முதல் தேதியிலிருந்து கடற்கரைச் சாலையில் ஒரு துரை வீட்டில் தொட்டில் ஆட்ட விடுவதாகப் பேச்சு முடிந்திருந்தது. அங்கேயே தங்கல், மாதத்துக்கு ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரலாம். நாற்காலி இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது என்கிற நாள் இனி இந்த மாசக் கடைசிவரைதான்.

சங்கடம் ஒன்று இருந்தது. கொட்டகைச் சுவரில் தொங்கிய பலகையில், கூலிகளோ அவர்கள் குடும்பத்தாரோ நாற்காலியில் உட்காரலாகாது என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. ஆனால் நாற்காலித் தொழிலில் ஒரு நடைமுறையும் உண்டு. மேலிருந்து ஆளை இறக்கிவர வெறும் நாற்காலியைக் கொண்டுபோனால், தண்டு துள்ளித் துள்ளித் தோளை அறையும். அதனால் நாற்பது காத்தி, ஏறக்குறைய இருபத்துநாலு கிலோ, எடைக்குக் கல்லை ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். பத்தொன்பதாம் தேதி வேதநாயகத்தின் நாலாம் நம்பர் நாற்காலி உச்சி பங்களா ஒன்றிலிருந்து ஒரு மெம்மை இறக்கிவரப் போகிறது.

"கல்லுக்குப் பதிலா புள்ள" என்றார் வேதநாயகம்.

"புள்ளைகிட்ட என்ன சொல்லுவே?"

"கல்லுன்னுதான்."

மறுநாளே ஏற்பாடு தொடங்கியது. அடிவாரத்தில் சாயாக்கடை வைத்திருந்த அப்துல் ரசாக் கேக் என்ற சொல்லைக் கேட்டுக் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார். "கேக்குக்கு மேல வெள்ளையா இருக்கணும்ல? ரொட்டி வட்டமாச் சுட்டுத் தரேன். மேல சீனிய உருக்கி ஊத்திருவோம். எறும்பு வந்தா அது என் பொறுப்பில்ல." அமலம்மாள் மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் கெஞ்சி மெழுகுவர்த்தித் துண்டுகள் பதினொன்று வாங்கிவந்து முந்தானையில் முடிந்து வைத்தாள்.

"ஏங்க, எல்லாம் யாரு யாரோ செத்தவங்களுக்கு ஏத்துனது. பாதி பாதியாத்தான் இருக்கு."

"செத்தவங்க மிச்சம் வெச்சதுதான? எரியும், போ."

பத்தொன்பதாம் தேதி விடிந்ததும் வேதநாயகம் மகளை எழுப்பினார். "லீனா, கெளம்பு. கொட்டகையில கல்லு தீந்துபோச்சு. ரயிலு போடறவங்க எல்லாக் கல்லையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. கல்லுக்குப் பதிலா நீதான் நாக்காலியில வரணும்."

கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தப் பெண் வாசல் வழியே எதிரே தெரிந்த மலையைப் பார்த்தது. "மல முழுக்கக் கல்லுதானப்பா?"

"அது முனிசிபால் கல்லு. தொட்டா ஃபைன்."

லீனா மறுபேச்சில்லாமல் சடையைப் பின்னிக்கொண்டது. அப்பாவின் வேலைக்கு ஆகிற காரியம் என்றால் அது கேள்வி கேட்கிற ரகம் இல்லை. ரொட்டியும் மெழுகுவர்த்தியும் பின்தண்டுக்காரன் ராமசாமியின் சோற்றுப் பொட்டலத்தோடு பொட்டலமாகப் போயின.

கொட்டகையில் கிராணி சந்திரசேகரன் மேசைமேல் பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எந்த நாற்காலி, என்ன ஏறியது, என்ன இறங்கியது என்று இங்கிலீஷில் எழுதுவது அவர் வேலை. கண்ணாடிக்கு மேலாக லீனாவைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"கல்லுங்க, கிராணி ஐயா."

"கல்லு சட போட்டு ரிப்பன் கட்டியிருக்கே?"

வேதநாயகம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். லீனாவுக்குக் கேட்காத தூரத்துக்குக் கிராணியை அழைத்துப்போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கிராணி பலகையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். "எவனாவது கண்டுட்டா உன் வேலையோட என் கெர்ஜாவும் போயிரும், தெரியுமா உனக்கு?"

"தெரியும் ஐயா. இன்னும் பன்னெண்டு நாளுதான் புள்ள வீட்டுல இருக்கும். இன்னொண்ணும் கேக்கறேன். பொஸ்தகத்துல அது பேர எழுதிருங்க. தொரைப் புள்ளைங்க பேரெல்லாம் எழுதியிருக்கு. எம்புள்ள பேரும் ஒரு வரி இருக்கட்டும்."

கிராணி நெடுநேரம் மூக்கைச் சொறிந்தார். பிறகு மேசைக்குத் திரும்பி, "முழுப்பேரு என்னம்மா?" என்று கேட்டார். லீனா சொன்னது. மையைத் தொட்டார், எழுதினார். மறுபடி தொட்டார், எழுதினார். மூன்றாவது தடவையும் தொட்டு எழுதி, மையொற்றும் தாளை அதன்மேல் வைத்து அழுத்தினார். இங்கிலீஷ் எழுத்து வேதநாயகத்துக்குத் தெரியாது. ஆனால் மூன்று தடவை மை தொட்டதை அவர் எண்ணிக்கொண்டார்.

தண்டு தோளுக்கு ஏறியது. நாற்பத்திரண்டு காத்தி என்றது வேதநாயகத்தின் தோள். பதினாறு வருஷத்தில் இவ்வளவு லேசான சவாரி அது சுமந்ததில்லை. அடிவாரத்து அருவிச் சத்தம் பின்னால் போனது. ஈரப்பாசி வழுக்கும் திருப்பங்களில் அய்யாக்கண்ணு, "கல்லு, ஆடாம இரு" என்பான். "கல்லு ஆடாது சித்தப்பா" என்று மேலிருந்து பதில் வரும். நாற்காலியின் கைப்பிடியை லீனா இரண்டு கையாலும் பிடித்திருந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை தூக்கியே வைத்திருந்தது.

பாதி மலையில் எதிரே ரயில் வேலை இன்ஜினியர் துரை கைத்தடியோடு இறங்கி வருவதை அய்யாக்கண்ணுதான் முதலில் கண்டான். ராமசாமி மழைக்கு வைத்திருந்த எண்ணெய்த்துணியை இழுத்து நாற்காலியை மூடினான். துரை நின்றார். இது என்ன என்று மலாயில் கேட்டார்.

"பாத்து, துவான்" என்றார் வேதநாயகம். கல், துரையே என்று அர்த்தம்.

துரை சந்தேகப் பிராணி. கைத்தடியால் துணிமேல் ஒரு தட்டுத் தட்டினார். டக்கென்று சத்தம் வந்தது. இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாக. துணிக்குள் அசைவில்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. நல்ல கெட்டிக் கல் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுத் துரை இறங்கிப் போனார். அவர் மூன்று திருப்பம் தாண்டினபிறகு துணியை விலக்கினார்கள். லீனாவின் வலது முழங்காலில் விரல் நீளத்துக்குத் தடிப்பு சிவந்து எழும்பியிருந்தது. கண் நிறைந்திருந்தது, வழியவில்லை.

"வலிக்குதாம்மா?"

"கல்லுக்கு எப்பிடிப்பா வலிக்கும்?" என்றது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பங்களாக்களின் பார்வை படாத ஒரு பாறைத்தட்டில் நாற்காலியை இறக்கினார்கள். ராமசாமி பொட்டலத்தை அவிழ்த்தான். ரசாக் சொன்ன எறும்பு ஒன்றுகூட இல்லை. சர்க்கரை உருகி ரொட்டி நிஜமாகவே வெள்ளையாகியிருந்தது. பதினொரு மெழுகுவர்த்தியையும் நட்டு, நாலு பேரும் சுற்றி நின்று காற்றை மறித்துக்கொண்டு ஏற்றினார்கள். துரை வீட்டுப் பிறந்தநாள் பாட்டைப் பதினாறு வருஷமாக வேலிக்கு வெளியே நின்று கேட்டிருந்த அய்யாக்கண்ணு, மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, தண்டு தூக்கும்போது சொல்லுகிற "ஏலே ஏலோ"வை அதில் போட்டுப் பாடினான். ஊதி அணைக்க லீனா வாயைக் குவித்தபோது ஒரு மேகம் பாறைமேல் ஏறி வந்து பதினொன்றையும் அணைத்துவிட்டுப் போயிற்று.

"இதெல்லாம் யாருக்குப்பா?"

"ஒனக்குத்தான். இன்னிக்கு ஒம் பொறந்தநாளு."

"எனக்கா?" என்றது லீனா. "நான் கல்லுன்னுல்ல நெனச்சேன்."

மேகம் விலகியதும் கீழே எல்லாம் தெரிந்தது. துறைமுகத்துக் கப்பல்கள், தொங்காங் படகுகள், எதிர்க்கரையில் பிறை என்கிற ஊரின் புகை. ரொட்டியைத் தின்றபடியே லீனா கடலோரமாக விரலை ஓட்டியது.

"நான் போற வீடு எதுப்பா?"

"அந்தா, செவப்பு ஓடு. ரெண்டு தென்ன நிக்குதுல்ல, அது."

லீனா பார்த்தது. "இங்கேருந்து பாத்தா சின்னதாத்தான் இருக்கு" என்றது.

நேரம் ஆகிவிட்டது. பங்களா வாசலுக்கு நாற்காலியைக் கொண்டுபோனபோது மெம் வரவில்லை, ஆயாதான் வந்தாள். "மெம் நாளைக்குத்தான் எறங்கும். இன்னிக்கு டியூக் போகுது. கால்ல முள்ளு குத்திருச்சு, நடக்க விடக் கூடாதாம்." டியூக் பழுப்பு நிற நாய். நாற்காலியில் மெத்தை போட்டு அதை உட்கார வைத்தார்கள். உட்காருவதில் அதற்குப் பழக்கம் இருந்தது; காலை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

தண்டு ஏறியது. நாற்பத்திரண்டு காத்தி. ஒரு காத்தி கூடவில்லை, குறையவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் வேதநாயகத்தின் தோளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் திருப்பத்துக்குத் திருப்பம் அவர் கண்ணைத் திறந்து பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். லீனா வெறுங்காலோடு, வலது முழங்காலைக் கொஞ்சம் விறைப்பாக வைத்து, நாற்காலியின் பின்னால் நடந்து வந்தது. சரிவில் மெத்தை நழுவும்போதெல்லாம் எட்டி அதைச் சரிசெய்து விட்டது.

அடுத்த மாதம் ரயில் ஓடியது. முதல் தேதி லீனா சிவப்பு ஓட்டு வீட்டுக்குப் போயிற்று. வேதநாயகம் ரயிலடியில் பெட்டி தூக்கினார். தோளின் காய்ப்பு வருஷா வருஷம் தேய்ந்து கடைசியில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஆனால் கொடிமலைப் பேச்சு எங்கே வந்தாலும், "போயி பொஸ்தகத்துல பாருங்கலா. எம்மவ பேரு இருக்கு. மூணு தடவ மை தொட்டு எழுதினாரு" என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேரே எழுதியிருப்பது இது: நாற்காலி நாலு; மேலே போனது கல்; கீழே வந்தது நாய், பெயர் டியூக்.