இடது கன்னம்

மெத்தைக் கம்பெனியில் வருகைப் பதிவுக்கு முகம் பார்க்கும் மெஷின் வந்த நாளும், டெஸ்பாட்ச் கிளார்க்குக்குக் கடைவாய்ப்பல் வீங்கிய நாளும் ஒன்றாகப் போய்விட்டன. பல்லுக்கு மெஷின் வருவது தெரியாது, மெஷினுக்குப் பல்வலி தெரியாது. அவை இரண்டையும் மன்னித்துவிடலாம். ஆபீஸ் மேடத்துக்கு இரண்டும் தெரியும். வாய்க்குள் ஒரு பன்னை ஒதுக்கிவைத்த மாதிரி இடது கன்னம் புடைத்திருக்க, வலியில் ஒரு கண் பாதி மூடியிருக்க, "நாளைக்கு எடுத்துக்கலாமே மேடம்" என்று மனிதர் கெஞ்சினார்.

"எல்லாரும் இன்னைக்கே முடிக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஆடாம நில்லுங்க."

ஆடாமல் நின்றார். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

வீக்கம் வடிந்து, முகம் முகமாகி வேலைக்கு வந்த அன்று, "முகம் தெரியவில்லை" என்றது மெஷின். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். தலையைப் படிய வாரிப் பார்த்தார். அது அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், இடது கன்னத்தில் காற்றை நிரப்பி ஒரு கண்ணைச் சுருக்கினார். "வணக்கம், டெஸ்பாட்ச் கிளார்க்" என்று குழைந்தது.

மாற்ற வழி இல்லாமல் இல்லை. புது முகத்தைப் பதிய வேண்டுமென்றால் முதலில் பழைய முகத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். காட்டினார். இப்போது புது முகத்தைக் காட்டு என்றது. காற்றை விட்டார். "இவர் வேறு நபர்" என்று சொல்லி எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டது. பழைய முகத்தை அடியோடு அழிக்கும் அதிகாரம் முதலாளியின் கார்டுக்கு மட்டும்தான் உண்டாம். முதலாளி இருப்பதோ வேறு ஊரில். ஒரு கிளார்க்கின் கன்னத்துக்காக அவருக்குப் போன் போடும் தைரியம் மேடத்துக்கு வரவில்லை.

ஆக, தினமும் காலையில் கன்னம். வீட்டுக் கண்ணாடி முன்னால் அவர் பயிற்சி எடுப்பதைப் பார்த்து, "என்னங்க, எதுக்கும் அந்த மூஞ்சியை எனக்கும் ஒரு தடவை நல்லாக் காட்டி வைங்க. திடீர்னு வந்து நின்னா நான் கதவைச் சாத்திடப் போறேன்" என்றாள் மனைவி.

வரிசையில் பின்னால் நிற்பவர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே அது தொற்றிக்கொண்டது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நம் வாயும் சேர்ந்து திறக்குமே, அந்த மாதிரிதான். இவர் கன்னத்தை உப்பினால் பின்னால் நிற்கும் ஃபோர்க்லிஃப்ட்காரரின் கன்னம் உப்பும், அவருக்குப் பின்னால் தையல் பிரிவு அக்காவின் கண் சுருங்கும், அப்படியே வாசல் வரை போகும். பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாரும் ஒன்றாக மூச்சுவிட்டு, அவரவர் முறை வரும்போது சொந்த முகத்தோடு நிற்பார்கள்.

இப்படியே மாதங்கள் ஓடின. அப்போதுதான் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் வேலை காலியானது. அதற்குக் கண்ணாடித் தடுப்பு வைத்த ஒரு அறை உண்டு, அறைக்குள் சாய்மான நாற்காலி உண்டு. நம் கிளார்க் நாற்காலிக்காகத்தான் ஏங்கினார். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் மெத்தை ஏற்றி அனுப்புகிற மனிதருக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. சாயங்காலமானால் முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். ஒருநாள்கூடத் தாமதமில்லாத வருகை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த ஒன்றை வைத்தே மேடம் அவர் பெயரை அனுப்பியிருந்தாள். முடிவு சொல்ல முதலாளியே வந்தார்.

வந்தவர் அறையில் உட்காரக் கூடாதா? காலையிலேயே மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

அவர் எதிரில் கன்னத்தை உப்ப நம் ஆளுக்குக் கூசியது. இன்றைக்காவது தெரிந்துகொள்ளேன் என்று மனசுக்குள் கெஞ்சியபடி சொந்த முகத்தைக் காட்டினார்.

"முகம் தெரியவில்லை."

"அண்ணா, ஊதுங்க. எங்களுக்கும் நேரமாகுது" என்றார் பின்னாலிருந்து ஃபோர்க்லிஃப்ட்காரர்.

மானமா நாற்காலியா என்று ஒரு கணம் தவித்தார். முழங்கால் ஜெயித்தது. ஊதினார்.

"வணக்கம், டெஸ்பாட்ச் கிளார்க்."

"என்ன, பல்வலியா?" என்று முதலாளி கேட்டபோது அவருடைய கன்னமும் தன்னையறியாமல் லேசாக உப்பியிருந்தது. இது என்ன மெஷின் என்று பார்க்க, அந்தக் கன்னத்தோடும் சுருங்கிய கண்ணோடும் கேமராவை நோக்கிக் குனிந்தார்.

"வணக்கம், டெஸ்பாட்ச் கிளார்க்" என்றது மெஷின், அதே பாசத்தோடு.

வேறு வழியில்லாமல் கிளார்க்கே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முதலாளி சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ யார் கன்னத்தை ஊதினாலும் அது நீங்கதான். இத்தனை மாசமும் வந்தது நீங்கதான்னு நான் எப்படி நம்புறது?"

கிளார்க் மழையென்றும் காய்ச்சலென்றும் பாராமல் ஓடிவந்த காலைகளெல்லாம் ஒரு வாய்க் காற்றாகப் போய்க்கொண்டிருந்தன.

ஃபோர்க்லிஃப்ட்காரர் வரிசையை விட்டு முன்னால் வந்தார்.

"சார், நீங்க கொஞ்சம் எங்க பக்கம் பாருங்க. அண்ணா, இன்னொரு தடவை ஊதுங்க."

எதற்கென்று புரியாமலே கிளார்க் ஊதினார். வாசல் வரை நின்ற அத்தனை இடது கன்னமும் ஒன்றாக உப்பியது. அத்தனை கண்ணும் ஒரே அளவுக்குச் சுருங்கியது. மேடத்தின் கன்னமும் உப்பியிருந்தது. அதை மறைக்க அவள் கைக்குட்டையைத் தேடினாள்.

"இவர் தினமும் எங்க முன்னால வந்து நிக்காம இருந்திருந்தா, இது எங்க எல்லாருக்கும் எப்படி சார் வந்திருக்கும்?" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

முதலாளி வரிசையைப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கே ஒரே நாள்ல வந்திடுச்சே, தினமும் பார்க்கிறவங்களுக்குக் கேக்கணுமா? நம்புறேன்" என்றார். "அந்த அறைச் சாவியை இவர்கிட்ட குடுத்திடுங்க மேடம்." சொன்ன கையோடு சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து மெஷினில் வைத்தார். பழைய முகம் அழிந்தது. "நில்லுங்க. இப்பவே புதுசா எடுத்திடலாம். சாதாரணமா இருங்க."

சாதாரணமாக இருக்கச் சொன்னால் எப்படி இருப்பார்? நாற்காலி கிடைத்துவிட்டது. அதைவிட, இத்தனை பேர் தனக்காகக் கன்னத்தை உப்பி நின்றார்கள். வாய் காது வரை விரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. துடைக்கலாம் என்று கையைத் தூக்குவதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் நல்ல மழை. பஸ் கிடைக்காமல் நனைந்து, கிளம்பும்போது மனைவியோடு போட்ட சண்டையும் மனசில் அப்படியே இருக்க, புதிய சூப்பர்வைசர் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

"முகம் தெரியவில்லை."

"அண்ணா," என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர், "நேத்து நடந்ததைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க."

நினைத்துக்கொண்டார். வாய் தானாக விரிந்தது, கண் கலங்கியது. "வணக்கம், டெஸ்பாட்ச் சூப்பர்வைசர்" என்றது மெஷின். திரும்பிப் பார்த்தார். வாசல் வரை வரிசை முழுவதும், நனைந்த சட்டையோடு, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது.